தண்ணீருக்குக் கூண்டு கிடையாது

மணலியிலிருந்து திருவொற்றியூருக்கு வருகிற விரைவுச் சாலையில், மேம்பாலம் ஏறுவதற்குச் சற்று முன்னால் இடது கைப் பக்கம் இருப்பது முப்பிடாதியின் கடை. கடை என்றால் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஒரு தள்ளுவண்டி, மேலே நீலத் தார்பாய், கேஸ் அடுப்பு, சிலிண்டர், உட்கார இரண்டு பெஞ்சு, அவ்வளவுதான். துறைமுகத்துக்குள் நுழைய வரிசையில் கிடக்கிற கன்டெய்னர் லாரிக்காரர்களுக்குக் காலையில் இட்லியும் காரச் சட்னியும், மத்தியானம் சோறும் சாளை மீன் குழம்பும். அந்தச் சாலை ஓரத்தில் ஏழெட்டுக் கடைகள் உண்டு. ஆனால் போலீஸ் கை காட்டி லாரியை நிறுத்துவது பாலத்தின் அடிவாரத்தில்தான். நின்ற லாரியிலிருந்து பசியோடு இறங்குகிறவன் முதலில் மிதிக்கிற இடம் முப்பிடாதியின் இடம். அதனால் அதன் மேல் எல்லோருக்கும் ஒரு கண்.

அங்கே எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. பட்டாவும் கிடையாது, ரசீதும் கிடையாது, அடுப்புதான் சாட்சி. தன் இடத்தில், தன் அடுப்பில், தினமும் ஒரு தடவையாவது ஏதாவது கொதிக்க வேண்டும். வெறும் வெந்நீர் என்றாலும் போதும். ஒரு முழு நாள் அடுப்பு எரியாமல் போனால், மறுநாள் காலையில் யார் முதலில் வந்து அடுப்பை இறக்குகிறாரோ அவருக்கு அந்த இடம். பந்த், காய்ச்சல், வீட்டில் சாவு, எந்தச் சமாதானமும் செல்லாது. இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் மீறி ஜெயித்தவர் யாரும் இல்லை.

முப்பிடாதிக்கு அந்த இடம் கிடைத்ததே இந்தச் சட்டத்தால்தான். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. கல்யாணமாகித் தண்டையார்பேட்டைக்கு வந்தபோது அவள் புருஷன் ராசையா சொந்தக்காரர் மளிகைக் கடையில் மூட்டை பிரித்துக்கொண்டிருந்தான். பிறகு அது பிடிக்காமல் டிரெய்லர் ஓட்டப் போனான். ஒரு கன்டெய்னர் யார்டில் பெட்டி சரிந்து அவன் மேல் விழுந்தது. காரியம் முடிந்ததும் சொந்தக்காரர்கள் கூடி உட்கார்ந்து, கடைப் பின்கட்டில் இருந்துகொண்டு பருப்புப் பொட்டலம் போடட்டும், சாப்பாட்டுக்குக் குறைவிருக்காது என்று முடிவு செய்தார்கள்.

"ஒங்க வீட்டு மூலையில கெடந்து சோறு திங்கதுக்கு எனக்குக் கையும் காலும் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு முப்பிடாதி எழுந்து போய்விட்டாள். மறுநாளே இட்லித் தூக்கை எடுத்துக்கொண்டு லாரி வரிசையோரம் நடக்கத் தொடங்கினாள். வெயிலும் டீசல் புகையும் போட்டி போட்டுக்கொண்டு மூஞ்சியில் அடிக்கும். உட்கார ஒரு சாண் இடம் கிடையாது.

அப்போது பாலத்தடி இடம் லூயிஸுடையது. காசிமேட்டுக்காரர், டீயும் பஜ்ஜியும் போடுகிறவர். வர்தா புயல் வந்து நகரத்தின் பாதி மரங்களைச் சாய்த்துப் போட்டதே, அன்றைக்கு லூயிஸின் வீட்டுக் கூரையும் போய்விட்டது. மனிதர் கூரையைத் தேடுவாரா, அடுப்பைத் தேடுவாரா? மறுநாளும் அவரால் வர முடியவில்லை. அதற்கடுத்த காலையில் வந்து பார்த்தால் அங்கே முப்பிடாதியின் அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது.

"வூடுதான் போச்சுன்னா, எடமுமா?" என்றார் லூயிஸ்.

"ஒம்ம கூரைய நானா தூக்குனேன்? எரியாத அடுப்புக்கு எடம் கெடையாதுன்னு நீருதானே ஊருக்கெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சீரு."

மற்ற கடைக்காரர்கள் சட்டம் சட்டம்தான் என்றார்கள். லூயிஸ் வேறு வழியில்லாமல் வரிசையில் அவளுக்குப் பின்னாலிருந்த பள்ளத்தில் வண்டியைப் போட்டார். சாலையை ஒட்டிய அந்தப் பள்ளத்தில் நாலு தூறல் விழுந்தாலே தண்ணீர் நிற்கும் என்பதால் லாரிகள் அதன் பக்கத்தில்கூட நிற்காமல் இடைவெளி விட்டு நிற்கும். இன்னும் தள்ளி, வரிசையின் வால் பக்கம், அப்போது மேடான இடங்கள் இருந்தன. லூயிஸ் போகவில்லை. பள்ளத்திலிருந்து பார்த்தால் முப்பிடாதியின் அடுப்பு நன்றாகத் தெரியும். "ஒரு நாளு அணையும். நான் பாத்துகினேதான் கீறேன்" என்று எல்லோரிடமும் சொல்வார். தினமும் காலையில் வந்ததும் தன் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன் அவள் அடுப்பை ஒரு பார்வை பார்ப்பார். அவளும் சளைத்தவள் அல்ல. அவர் தலை தெரிந்ததும் தீயைக் கொஞ்சம் தூக்கி வைப்பாள். இப்படியே வருடங்கள் ஓடின. காய்ச்சலில் கிடந்த நாளில்கூட ஆட்டோ பிடித்து வந்து வெந்நீர் வைத்துவிட்டுப் போனவள் அவள்.

இந்தக் கதையில் வருகிற புயல் வர்தா மாதிரிப் பெரிய ஆள் இல்லை. அந்தமானுக்குத் தெற்கே காற்றழுத்தத் தாழ்வுப் பகுதியாகப் பிறந்தது. பிறந்த அன்று அதை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. கடல் சூட்டைக் குடித்துத் தாழ்வு மண்டலமானது, பிறகு ஆழ்ந்த தாழ்வு மண்டலமானது. அதற்குள் டிவிக்காரர்கள் படம் போட்டு அம்புக்குறி வரையத் தொடங்கிவிட்டார்கள். ஒரு வழியாகப் புயல் என்ற பட்டமும் கிடைத்து, வாயில் நுழையாத ஒரு பெயரும் வைக்கப்பட்டது.

வடசென்னையில் புயல் என்றால் ஒரே ஒரு கேள்விதான். "கூண்டு எத்தினி?" துறைமுகத்தில் ஏற்றுகிற எச்சரிக்கைக் கூண்டின் எண்ணை வைத்துத்தான் அங்கே புயலுக்கு மரியாதை. எண் பதினொன்று வரைக்கும் போகும். எட்டு, ஒன்பது என்றால் பாத்திரம் பண்டத்தைக் கட்டுவார்கள். இந்தப் புயலுக்கு ஒன்று ஏறியது, மூன்று ஏறியது, கடைசியில் ஐந்தில் நின்றுவிட்டது.

"அஞ்சுதாம்மா" என்றார் லூயிஸ், யாரும் கேட்காமலே. "வர்தாவையே பாத்தாச்சு. இதெல்லாம் ஒரு புயலா."

அவரும் முப்பிடாதியும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். அங்கேதான் இரண்டு பேரும் கோட்டைவிட்டார்கள். கூண்டு என்பது கப்பலுக்காக ஏற்றுவது. அது காற்றைச் சொல்லும். எவ்வளவு மழை கொட்டும், எந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும் என்று சொல்ல எந்தத் துறைமுகத்திலும் கூண்டு கிடையாது. தலைமுறையாகத் துறைமுகத்தைப் பார்த்துப் பிழைக்கிறவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. எண்ணைக் கேட்டதும் மறந்துவிடும்.

பெயர் வைத்த அன்று போலீஸ்காரர் ஒருவர் பைக்கில் வந்து ஒவ்வொரு கடையாகச் சொல்லிக்கொண்டு போனார்.

"ஏம்மா, எல்லாத்தையும் எடுத்துடுங்க. புயல் வருது."

"வரட்டும். வந்து ரெண்டு இட்லி தின்னுட்டுப் போகட்டும்."

"விளையாடாதம்மா. ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"நான் இன்னைக்கு எடுத்துட்டுப் போறேன். நாளான்னைக்கு இந்த எடத்த நீங்க எனக்கு வாங்கித் தருவீங்களா?"

அவர் பைக்கைத் திருப்பி அடுத்த கடைக்குப் போனார். துறைமுக வாசலைச் சாத்திவிட்டார்கள். நகர்ந்துகொண்டிருந்த லாரி வரிசை நின்றது நின்றபடி நின்றது. முப்பிடாதிக்கு அன்று வியாபாரம் பிய்த்துக்கொண்டு போயிற்று. சாயங்காலம் வண்டியோடு அடுப்பையும் சிலிண்டரையும் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள். பள்ளத்தில் லூயிஸ் தன் சிலிண்டரை வழக்கம்போல நைலான் கயிற்றில் கட்டிவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் பொழுது விடிவதற்குள் புயல் வலுவிழந்துவிட்டது என்று செய்தி வந்தது. மறுபடியும் வெறும் தாழ்வு மண்டலம். பெயர் வைத்த மறுநாளே பெயர் போயிற்று. ஊரே சிரித்தது. ஆனால் கரைக்கு வந்த அந்தப் பெயரில்லாத பிறவி நகரவில்லை. ஓடுகிற புயல் கூரையைத் தூக்கும், நின்றுபோன புயல் நடு வீட்டில் தண்ணீரைக் கொண்டுவந்து வைக்கும். கடலோரத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு அது பகலெல்லாம் ராவெல்லாம் கொட்டியது. எண்ணூர் முகத்துவாரத்தில் கடல் பொங்கி நின்றதால் வந்த தண்ணீருக்குப் போக வழியில்லை. புழல் ஏரியிலும் உபரித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். மாத்தூரில் கார்கள் மிதந்தன. தண்டையார்பேட்டைக் குடோன்களில் சர்க்கரை மூட்டைகள் கரைந்து ஓடின. கரண்ட் இல்லை, பால் இல்லை, மெழுகுவத்திக்கு அடிதடி. ஐந்தாம் எண்ணின் லட்சணம் இது.

அடுத்த நாள் காலையில் முப்பிடாதி ஒரு பையில் அரிசியும் புளியும் மிளகாயும் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்தாள். மாடிவீட்டுக்காரி கூப்பிட்டுத் திட்டியது காதில் விழவில்லை. பாலத்தின் மேலேறி அந்தப் பக்கம் இறங்கும்போது அவள் இடம் தெரிந்தது. இடம் எங்கே தெரிந்தது, தண்ணீர்தான் தெரிந்தது. இடுப்பளவு கறுப்புத் தண்ணீர். தள்ளுவண்டி ஒரு பக்கம் சாய்ந்து, அடுப்பு பாதி முழுகிக் கிடந்தது. சங்கிலி புண்ணியத்தில் சிலிண்டர் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.

முந்தின நாள் கொட்டுகிற மழையிலும் வந்து இட்லி வேகவைத்துவிட்டுப் போனதால் அடுப்பு எரிந்த கணக்கு. இன்றைக்கு எரியாவிட்டால் நாளைக் காலையில் அந்த இடம் யாருக்கு வேண்டுமானாலும் போகும். அவள் கண் தானாகவே பள்ளத்துப் பக்கம் போனது. அங்கே கவிழ்ந்து கிடந்த லூயிஸின் வண்டிக் கூரையின் ஓரம் மட்டும் ஒரு விரற்கடை தெரிந்தது. ஆளைக் காணோம்.

பாலத்தின் சரிவில் ரஷீதின் லாரி நின்றது. தண்டையார்பேட்டைப் பையன். அவனுடையது பெட்டி ஏற்றப் போகிற வெறும் தட்டை டிரெய்லர். முந்தின நாள் சாப்பிட்ட இட்லிதான் அவன் வயிற்றில்.

"இன்னாக்கா, இந்தத் தண்ணில வந்துகினு கீற? வூட்ல படுக்கத் தேவல?"

"தம்பி, வண்டியப் பின்னால எடு."

"எங்க?"

"என் எடத்து மேல. தண்ணி டிரெய்லர் தளத்தத் தொடாது. என் அடுப்பு என் எடத்துலதான் எரியும், நாலு அடி ஒசரத்துல."

ரஷீது தண்ணீரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அப்புறம் சிரித்துக்கொண்டே சாவியைத் திருகினான். முன்னால் நின்ற லாரிக்காரர்கள் இறங்கி வந்து தள்ளுவண்டியைச் சரிவில் ஏற்றினார்கள், சங்கிலியை அவிழ்த்துச் சிலிண்டரையும் அடுப்பையும் தளத்தின் மேல் தூக்கி வைத்தார்கள். தார்பாயை நாலு பேர் நாலு மூலையில் பிடித்தார்கள். பர்னரைக் கழற்றி ஊதி, துடைத்து, ரஷீதின் கேபினில் இருந்த காய்ந்த தீப்பெட்டியால் பற்றவைத்தபோது நீலத் தீ எழுந்தது. முப்பிடாதி அதைப் பார்த்துத் தண்ணீரையும் ஒரு பார்வை பார்த்தாள். "பாத்துக்கோ" என்று அதனிடமே சொல்வது போலச் சொன்னாள்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். சாணுக்கும் முழத்துக்கும் வித்தியாசம் உண்டு என்று அன்றைக்கு அந்தச் சாலை கண்டது. பள்ளத்தைத் தாண்டி நின்ற லாரிகளின் பக்கமிருந்த மற்ற கடைக்காரர்களும் இதைப் பார்த்தார்கள். ஒவ்வொருவராகத் தங்கள் இடத்துக்கு நேரே நின்ற லாரியில் அடுப்பைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார்கள். மழையில் வரிசையாக லாரிகள் மேல் புகை வந்தது. முப்பிடாதியின் புளிச்சோற்றைத் தின்றுவிட்டுக் கை கழுவ யாரும் தண்ணீர் தேடவில்லை, குனிந்தால் போதுமாக இருந்தது.

லூயிஸ் வந்தது அப்போதுதான். மார்பளவு தண்ணீரில் கையை அகட்டிக்கொண்டு வந்தார். அவர் கண் முதலில் அவள் அடுப்பைத்தான் பார்த்தது.

"லாரி மேல கீது. தரையில இல்ல. இது செல்லாது."

"கீழ இருக்கது யாரு எடம்? அதச் சொல்லும் மொதல்ல."

"எல்லாரும் அப்டிதான் வெச்சிகினு கீறாங்க, லூயிஸண்ணே" என்றான் ரஷீது. "திரும்பிப் பாரு."

லூயிஸ் திரும்பிப் பார்த்தார். எல்லா அடுப்பும் எரிந்தது. எரியாதது ஒன்றே ஒன்று. அதற்குப் பக்கத்தில் லாரியும் இல்லை. அவருடைய சிலிண்டர் கயிற்றை அறுத்துக்கொண்டு எந்தத் திசையில் மிதந்து போனதோ தெரியவில்லை.

பாலத்துச் சரிவில் விமல் நின்றான். புதிதாகக் கல்யாணம் ஆனவன், வாளியில் சமோசா போட்டுக்கொண்டு லாரி வரிசையோரம் நடந்து விற்கிறவன். அவனுக்கும் உட்கார ஒரு சாண் இடம் கிடையாது. அவன் குரலை உயர்த்தாமல் சொன்னான்.

"பள்ளத்து எடம் நாளைக்கி எனக்குன்னு வெச்சிக்கலாமாண்ணே? சட்டப்படி கேக்கறேன்."

வர்தா ஓய்ந்ததும் "எடமுமா?" என்று கேட்டாரே, அதைக்கூட லூயிஸ் இந்தத் தடவை கேட்கவில்லை. தண்ணீரில் நின்றபடி சட்டைப் பையிலிருந்த நனைந்த பீடிக்கட்டை எடுத்துப் பார்த்துவிட்டு எறிந்தார்.

முப்பிடாதிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. லூயிஸ் மேல் இல்லை. விமல் மேலும் இல்லை. அவன் கேட்டதில் தப்பே கிடையாது, அவளும் அப்படித்தான் வந்தாள். அன்றைக்கு அந்த இடத்தை எடுத்ததற்காக அவள் ஒரு நாளும் வருந்தியதில்லை, இன்றும் வருந்தவில்லை. வர்தாவாவது வர்தா. வந்தது, அடித்தது, போனது. இது வைத்த பெயரை ஒரு நாள் காப்பாற்றத் தெரியாத புயல். இதுவா அந்த மனிதரை இரண்டாம் தடவை கிளப்பப் போகிறது? அவரைக் கிளப்புவதாக இருந்தால் தான் கிளப்ப வேண்டும், தான் சண்டை போட்டு, வாயாலேயே கிளப்ப வேண்டும். நடுவில் இந்த மழை யார்?

"அடுப்பு எங்கவே?" என்றாள்.

"எந்த அடுப்பு?"

"ஒம்ம அடுப்பு. எடுத்துட்டு வாரும்."

"தண்ணிக்குள்ள கீது. எடுத்து இன்னா பண்றது? சிலிண்டரே இல்ல."

"எடுத்துட்டு வாரும்னு சொல்லுதேன்லா. ரஷீது, இன்னும் பின்னால எடு. டிரெய்லர் வால் பள்ளத்துக்குள்ள போகட்டும்."

ரஷீது தலையில் கை வைத்தான். "யக்கா, அங்க மார்பு வரைக்கும் கீது. இஞ்சின்ல தண்ணி போச்சுன்னா ஓனரு என்ன உரிச்சிடுவாரு."

"வாலுதான பள்ளத்துல எறங்குது. இஞ்சின் சரிவுலதான நிக்கும். டிரைவர் பொண்டாட்டிகிட்டயே கத விடாத."

லாரிக்காரர்கள் ஓவென்று சிரித்தார்கள். ரஷீது முணுமுணுத்துக்கொண்டே ஸ்டியரிங்கை ஒடித்துப் பின்னால் எடுத்தான். டிரெய்லரின் பின்பக்கம் மெல்லத் திரும்பிப் பள்ளத்துத் தண்ணீரைப் பிளந்துகொண்டு போய் நின்றது. லூயிஸ் மூச்சைப் பிடித்து முழுகினார். ஒரு தடவை வெறும் கையோடு எழுந்தார். இன்னொரு தடவை சேறு வழிகிற அடுப்போடு எழுந்தார். இரண்டு பேர் அதை வாங்கித் தளத்தின் கடைசியில் வைத்தார்கள். அவரையும் தோளைப் பிடித்துத் தூக்கினார்கள்.

ரஷீதின் போனில் யாரோ செய்தி போட்டார்கள். கரையைக் கடந்து, தாழ்வுப் பகுதியாகி, உள்ளே போய்க் கரைந்துகொண்டிருக்கிறதாம். "செத்துப் போச்சுடா" என்றார் ஒரு லாரிக்காரர். யாரும் வருத்தப்படவில்லை.

முப்பிடாதி சிலிண்டரைத் தளத்தில் உருட்டிக்கொண்டே பின்பக்கத்துக்கு வந்தாள். அவள் அடுப்பும் டியூபோடு இழுபட்டுப் பின்னாலேயே வந்தது, தீ எரிந்துகொண்டே. ஒரு சிலிண்டர், ஒரு டியூப். லூயிஸ் முதலில் அவளைப் பார்த்தார், பிறகு டியூபைப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது.

அவள் குனிந்து சிலிண்டர் வால்வைத் திருகி மூடினாள். இத்தனை வருடமாக அவர் ஒவ்வொரு காலையும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தீ, அவர் கண்ணெதிரே ஒரு தடவை துடித்து அணைந்தது. அவள் டியூபைப் பிடுங்கி அவர் அடுப்பில் சொருகினாள். சேறு அடைத்த பர்னரை லூயிஸ் கட்டைவிரலால் நோண்டினார், ஊதினார், தட்டினார். நாலைந்து குச்சி வீணானது. அப்புறம் ஒரு ஓரத்தில் பற்றி, மெதுவாகச் சுற்றி வந்து முழுதாக எரிந்தது. மேலே வைக்க டீத்தூள் இல்லை. வெறும் தண்ணீரை வைத்தார்கள். விமல் வாளியைத் தூக்கிக்கொண்டு பாலத்தின் மேல் நடந்தான். "லேய் விமலு, கட போடணும்னா பாலத்துக்கு அந்தப் பக்கம் எடம் கெடக்கு, நான் வந்து காட்டுதேன்" என்று அவள் கத்தியதும் திரும்பி நின்று தலையாட்டினான்.

தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது. லூயிஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் அடுப்ப எதுக்கு அணைச்ச?" என்று கேட்டார் கடைசியில், தலை நிமிராமல். "எரியறத எடுத்து எனக்கு வெக்கணும்னு உனக்கு இன்னா?"

"எப்ப அணையும், எப்ப அணையும்னு இவ்வளவு வருசமா நின்னு பாத்தீருல்லா. இப்பப் பாத்தாச்சு. நாளைலேருந்து ஒம்ம வேலையப் பாரும்."